தண்ணீர் ஊற்றும்போது உள்ளே உட்கார்ந்தவன்

போன மாதம் என் மகளும் மருமகனும் பழைய கார் ஒன்று பார்க்கக் கேளம்பாக்கம் போனார்கள். அப்பா கூட வந்தால் நல்லது என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனார்கள். அதைக் கடை என்று சொல்ல வாய் வராது, கல்யாண மண்டபம் மாதிரி இருந்தது. பின்பக்கம் ஒரு கண்ணாடி அறை. உள்ளே காரை நிறுத்திப் பொத்தானை அமுக்கினால் நாலு பக்கமும் மழை கொட்டுகிறது. மழை நின்றதும் ஒரு பெண் வந்து, பேனா அளவு கருவி ஒன்றைக் கார்பெட்டில் குத்திப் பார்த்து, ஈரம் இல்லை என்று சொல்லிவிட்டாள். அவ்வளவுதான் சோதனை.

"உள்ள யாரும் உக்கார மாட்டாங்களாம்மா?" என்று கேட்டேன்.

"உள்ள எதுக்கு அங்கிள் ஆளு?" என்றாள்.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நான் சம்பளம் வாங்கிய காலம் பூராவும் அந்த உள்ளே ஆள் நான்தான். வெளியே ஒருவர் தண்ணீர் ஊற்ற, மூடிய காருக்குள் டார்ச் லைட்டோடு உட்கார்ந்து எங்கே சொட்டுகிறது என்று பார்ப்பதுதான் என் உத்தியோகம். அதைச் சொன்னதும் அங்கே இருந்த பிள்ளைகள் எல்லாம் சுற்றி நின்றுகொண்டு கதை கேட்டார்கள். "எழுதுங்க அங்கிள்" என்றார்கள். எழுதுகிறேன். மெஷின் வந்துவிட்டதே என்று அழப்போகிறேன் என யாரும் நினைக்க வேண்டாம். டிக்கிக்குள் மடங்கிக் கிடந்த என் முதுகைக் கேட்டால், அந்த மெஷினுக்கு மாலையே போடும்.

நான் செங்கல்பட்டில் ஒரு வொர்க்‌ஷாப்பில் சேர்ந்தது தொண்ணூறுகளின் தொடக்கத்தில். டிங்கர் வேலைக்குத்தான் வந்தேன். சுத்தியல் பிடித்தேன், பட்டி பார்த்தேன், தகரத்தில் கையைக் கிழித்துக்கொண்டேன். எதிலும் பெயர் எடுக்கவில்லை. ஆனால் ஆண்டவன் எனக்குக் குள்ள உடம்பைக் கொடுத்திருந்தான். ஃபோர்மேன் ஒருநாள் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஏகாம்பரம், நீங்க டிக்கில அடங்குவீங்களா?" என்றார். அடங்கினேன். அன்றைக்கே வேலை மாறிவிட்டது.

ஃபோர்மேன் மாசிலாமணி அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். வொர்க்‌ஷாப் என்றால் கெட்ட வார்த்தையில்தான் ஸ்பேனரே சுற்றும். இவர் வாயில் 'ங்க' போடாமல் ஒரு சொல் வராது. எங்களை மட்டும் இல்லை, காரையும் மரியாதையாகத்தான் பேசுவார். "இவங்க முந்தி எங்கேயோ நனைஞ்சிருக்காங்க" என்று காரைப் பார்த்துச் சொல்வார். கோபம் வந்தால் 'ங்க' இன்னும் ஒன்று கூடும். "என்னங்க இப்படிப் பண்ணிட்டீங்களேங்க" என்று அவர் சொன்னால், அன்றைக்கு நமக்குச் சோறு இறங்காது.

பழைய கார் வாங்க நினைக்கிறவர்கள், காசு கொடுக்கும் முன் வண்டியை எங்களிடம் கொண்டுவருவார்கள். இன்ஜினை வேறு ஒருவர் பார்ப்பார். தண்ணீர்க் கசிவு மட்டும் அண்ணனுடைய ராஜ்யம். கதவைத் திறந்ததும் முதலில் மூக்கை விட்டுப் பார்ப்பார். அதற்காகவே காலையில் வெங்காயம் சேர்க்க மாட்டார். சந்தனம், ஊதுபத்தி, மல்லிகை என்று கமகமவென்று வந்தால் அவர் முகம் சுருங்கிவிடும். "கோயில் வாசனை வருதுங்க. கார்பெட்டத் தூக்குங்க" என்பார். நூற்றுக்குத் தொண்ணூறு அடியில் பூஞ்சை இருக்கும்.

அடுத்தது சீட் பெல்ட். அதைக் கடைசி வரைக்கும் இழுப்பார். வெள்ளத்தில் நின்ற வண்டியை எப்படிக் கழுவினாலும் பெல்ட்டின் அடி நுனியில் சேறு கோடு போட்டிருக்கும். சீட்டுக்குக் கீழே இருக்கிற ஸ்க்ரூ துரு பிடித்திருக்கிறதா, ஸ்டெப்னி டயர் உட்கார்ந்திருக்கும் குழியில் தண்ணீர் நின்ற தடம் உண்டா என்று பார்ப்பார். இதெல்லாம் முடிந்த பிறகுதான் குளியல்.

குளியலுக்கு ஒரு சட்டம் உண்டு. "மழை மேலருந்து வரும்ங்க. நாம கீழருந்து ஏறணும்" என்பார். கூரையில் எடுத்த எடுப்பில் ஊற்றினால் எல்லா இடமும் நனைந்துவிடும், ஓட்டை எது என்று தெரியாது. அதனால் கதவின் அடியில் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, முன் கண்ணாடியின் கீழ் மூலைக்கு வந்து, கூரைக்குக் கடைசியில் போவார். ஓஸ் பைப்பைப் பீய்ச்ச மாட்டார், குழந்தைக்கு ஊற்றுகிற மாதிரி விடுவார். ஒவ்வொரு இடத்திலும் ஒரு வெற்றிலை மெல்லுகிற நேரம். துப்பினால் அடுத்த இடம்.

நான் உள்ளே. தரையெல்லாம் காய்ந்த நியூஸ் பேப்பர் விரித்திருக்கும். சொட்டு விழுந்தால் அது காட்டிக்கொடுத்துவிடும். கண்ணாடி எல்லாம் ஏற்றியிருப்பதால் பேசினால் கேட்காது. அண்ணன் கூரையில் ஒரு தட்டு தட்டினால், 'என்ன நிலவரம்?' என்று அர்த்தம். நான் பதிலுக்கு ஒரு தட்டு தட்டினால் காய்ந்திருக்கிறது, இரண்டு தட்டினால் ஈரம். இன்ஜின் ஓடக்கூடாது, ஃபேன் ஓடக்கூடாது, வெளியே நிற்கிறவர்கள் பேசக்கூடாது. சொட்டு விழும் சத்தம் எனக்குக் கேட்க வேண்டும். சாவி அண்ணனுடைய மடியில் இருக்கும்.

ஒருமுறை டிக்கிக்குள் என்னை வைத்துப் பூட்டினார்கள். வண்டிக்காரர் சாவியை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டார். நான் உள்ளிருந்து தட்டுகிறேன். அண்ணன், "இரண்டுக்கு மேல தட்டுறீங்களே, அவ்வளவு ஈரமாங்க?" என்று வெளியே நின்று கேட்கிறார். வீட்டில் சொன்னபோது என் மனைவி, "வூட்ல இருக்கிற நேரத்தவிட காருக்குள்ளதான் ஜாஸ்தி இருக்க. அங்கேயே பாய் தலகாணி அனுப்பட்டா?" என்றாள்.

கடற்கரைப் பக்கத்து வண்டிகள் தனி ஜாதி. மாமல்லபுரத்திலிருந்து ஓட்டல்காரர் ஒருவருடைய கார் வந்தது. வைப்பர் ஓடுகிற இடத்துக்குக் கீழே, மழைத் தண்ணீர் வடிந்து போக ஒரு சந்து இருக்கும். அதற்குள் அண்ணன் கையை விட்டுச் சவுக்கு இலையை இழுத்தார். இழுத்தார், இழுத்துக்கொண்டே இருந்தார். காக்கை குடும்பம் நடத்துகிற அளவுக்கு வந்தது. வடிகால் அடைத்து, தண்ணீர் எல்லாம் வண்டிக்குள் இறங்கியிருக்கிறது. ஓட்டல்காரர் வெட்கப்பட்டுக்கொண்டு, "நான் கம்பெனி மேலயே கேஸ் போடலாம்னு இருந்தேன்" என்றார்.

இப்படி நாங்கள் கண்டுபிடித்தது ஏராளம். எங்கள் கண்ணில் விரலை விட்டு ஆட்டிய வண்டி ஒன்று உண்டு. அதைத்தான் நான் சொல்ல வந்தேன்.

ஈ.சி.ஆர். ரோடு அகலமாகிப் புதுப் புது ஓட்டல்கள் முளைத்த சமயம். புதுப்பட்டினம் மார்க்கெட்டில் மீன் விற்கிற தனம்மாள் என்றொரு அம்மா, புருஷன் ஏழுமலையோடு வொர்க்‌ஷாப்புக்கு வந்தாள். ஏழுமலை கடலுக்குப் போய்க்கொண்டிருந்தவர். வலை இழுத்ததில் தோள் மூட்டு கழன்று, இனி இழுக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வண்டி ஓட்டத் தெரியும். மாமல்லபுரத்து ஓட்டல் ஒன்றில் டாக்ஸி வைக்க இடம் கிடைத்திருந்தது. ஆனால் ஏசி வண்டியாக இருக்க வேண்டும், வைகாசி பிறப்பதற்குள் கொண்டுவந்து நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் அந்த இடம் வேறு ஆளுக்கு. தனம்மாள் சீட்டு எடுத்திருந்தாள். அந்தக் காசில் ஒரு வண்டிதான் வாங்க முடியும், தப்பான வண்டி வாங்கினால் திரும்ப வாங்க வழியில்லை. இதை அவளே எங்களிடம் பட்டென்று சொல்லிவிட்டாள்.

"மீன் வாங்கினா செவுளத் தூக்கிப் பாப்போம். வண்டிக்கு இன்னாத்த தூக்கணும்?" என்று கேட்டாள்.

"கார்பெட்டத் தூக்கணும்ங்க" என்றார் அண்ணன். அப்போதே இருவருக்கும் ஒத்துப்போய்விட்டது.

வண்டி, கல்பாக்கம் டவுன்ஷிப்பில் குடியிருந்த இசக்கி சாருடையது. ரிட்டயர் ஆகித் திருநெல்வேலிக்கே திரும்பப் போகிறார். காரைப் பெற்ற பிள்ளையாக வைத்திருந்தார். ஈரத்துணியில் துடைத்து, அதன்மேல் காய்ந்த துணியில் துடைத்து, அதற்கு மேல் துணி போர்த்தி மூடுகிற ஆள். மறுநாள் சித்திரை வெயிலில் தனம்மாளையும் ஏழுமலையையும் ஏற்றிக்கொண்டு, திருக்கழுக்குன்றம் வழியாக ஏசி போட்டு சுகமாகக் கொண்டுவந்தார். இறங்கியதும் அண்ணன் இடதுபக்கம் முன்சீட்டுக் கார்பெட்டைத் தூக்கினார். அடியில் மெத்தை மாதிரி விரித்திருந்த கம்பளி நமதாவைப் பிழிந்தால் தண்ணீர் ஒழுகியது.

ஊரில் மழை பெய்து மாசக்கணக்கு ஆகிறது.

இசக்கி சார் முகம் கறுத்துவிட்டது. "வந்தவன் பூரா இதத்தான் பிடிச்சுக்கிடுதான். வெள்ளத்துல நின்ன வண்டிங்கான். ஏய்யா, நான் நிக்க விடுவனாய்யா? என் மூஞ்சியப் பாத்தா ஏமாத்துதவன் மாதிரியா இருக்கு?" என்றார். அதற்கு முன் பார்த்தவர்கள் எல்லாரும் அப்படிச் சொல்லித்தான் திரும்பிப் போயிருக்கிறார்கள். அவருடைய மனைவி கோமதியம்மாவிடம்கூட ஒருவர், "உங்க வீட்டுக்காரர் உண்மையைச் சொல்ல மாட்டேங்கிறார்" என்றாராம்.

அண்ணன் பெல்ட்டை இழுத்தார். சேறு இல்லை. ஸ்க்ரூ எல்லாம் பளபளவென்று இருந்தது. ஸ்டெப்னிக் குழியில் புழுதிதான். "இவங்க வெள்ளத்தில நிக்கலீங்க" என்று அறிவித்தார். சாருக்குப் பாதி உயிர் வந்தது. அப்படியானால் தண்ணீர் வந்த வழி எது? குளியல் ஆரம்பித்தது.

நான் உள்ளே போனேன். நமதாவை எடுத்துவிட்டுப் பேப்பர் விரித்தேன். கதவடியில் தண்ணீர் விட்டார், ஒரு தட்டு. கதவு ரப்பர், ஒரு தட்டு. கண்ணாடியின் கீழ் மூலை, மேல் மூலை, கூரை, எல்லாம் ஒரே தட்டுத்தான். பேப்பரில் ஒரு புள்ளி இல்லை. வெளியே வந்து, "பொட்டுத் தண்ணி இல்லண்ணா" என்றேன். ரப்பரில் முகப்பவுடர் தூவி மறுபடியும் பார்த்தோம். பவுடர் கலையவில்லை. என் சட்டைதான் வேர்வையில் பிழிகிற மாதிரி இருந்தது.

அண்ணன் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். வெற்றிலையை மெல்லாமல் கன்னத்தில் அடக்கிக்கொண்டிருந்தார். அவரை அப்படி நான் பார்த்ததே கிடையாது.

"இன்னா சொல்றீங்க? வாங்கலாமா, வாணாமா?" என்று தனம்மாள் கேட்டாள்.

"எங்கருந்து வருதுன்னு தெரியாம நல்ல வண்டின்னு என் வாயால சொல்ல முடியாதுங்கம்மா. கெட்ட வண்டின்னு சொல்லவும் மனசு வரலீங்க."

"வா, பூடலாம்" என்று ஏழுமலை கேட்டைப் பார்த்து நடந்தார். வேறு ஏசி வண்டி தேட நாள் இல்லை என்பது எல்லாருக்கும் தெரியும். இசக்கி சார் துணியை எடுத்து, துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தார்.

"இன்னொரு வாட்டி கீழருந்து பாத்துடறேங்க" என்று அண்ணன் எழுந்தார். மறுபடியும் நான் உள்ளே போனேன். உச்சி வெயில். கண்ணாடி எல்லாம் ஏற்றியாகிவிட்டது. அண்ணன் ஓஸ் பைப்பைத் தேடிக் குழாயடிக்குப் போனார். நான் இட்லிப் பானையில் வைத்த இட்லியாக உட்கார்ந்திருந்தேன். கண்ணாடி வழியாகத் தனம்மாள் என்னைப் பார்த்தாள். பார்த்தவள், கதவைத் திறந்துவிட்டு, அண்ணனுடைய பேசக்கூடாது சட்டத்தைத் தூக்கி ஏரியில் போட்டாள்.

"யோவ்! அந்த மனுசன் உள்ள வெந்துகினு கீறாரு. இன்னா மனுசங்கயா நீங்க? ஏசி வண்டிதான இது? போட்டாத்தான் இன்னா? குடுயா சாவிய!"

"இன்ஜின் ஓடினா சொட்டுற சத்தம் கேக்காதுங்கம்மா" என்றார் அண்ணன்.

"சொட்டுனாத்தான கேக்கும்? காலைலருந்து எங்க சொட்டுச்சு? ஏசி வண்டின்னு வாங்க வந்துகீறோம், அது ஒழுங்கா ஓடுதான்னு ஒர்த்தராவது பாத்தீங்களா? போடுயா!"

அண்ணன் குழாயடியிலிருந்து திரும்பி வந்தார். மடியிலிருந்த சாவியை எடுத்துக் கொடுத்தார். கதவைச் சாத்தி, வண்டியைக் கிளப்பி ஏசியைத் திருகினேன். அடடா, அந்தக் குளிர் காற்று மூஞ்சியில் பட்ட சுகத்தை என்னவென்று சொல்வது! வேலையும் வேண்டாம், சம்பளமும் வேண்டாம், இப்படியே இருந்துவிடலாம் என்று தோன்றியது. இடதுபக்கச் சீட்டுக்கு நகர்ந்து, காலை நீட்டிச் சாய்ந்தேன். கண் சொருகியது.

கட்டை விரல் மேல் ஜில்லென்று ஒரு சொட்டு விழுந்தது.

கண்ணைத் திறந்தேன். இன்னொரு சொட்டு. டார்ச்சை அடித்தேன். டாஷ்போர்டுக்கு அடியிலிருந்து தண்ணீர் நூல் பிடித்த மாதிரி இறங்கிக்கொண்டிருந்தது. நான் கூரையில் இரண்டு தட்டு தட்டினேன். பதில் இல்லை. மறுபடியும் இரண்டு தட்டினேன்.

கதவு திறந்தது. "என்னங்க ஏகாம்பரம், நான் இன்னும் தண்ணியே வைக்கலீங்களேங்க!" என்றார் அண்ணன். 'ங்க' ஒன்று கூடியிருந்தது.

"நீங்க வைக்கலண்ணா. வண்டியே வச்சிக்கினு கீது" என்று காலைத் தூக்கிக் காட்டினேன்.

அண்ணன் என் கட்டை விரலைத் தொட்டுப் பார்த்தார். ஏசி துவாரத்தைப் பார்த்தார். நெற்றியில் அடித்துக்கொண்டார். ஏசி ஓடினால், சொம்பில் ஐஸ் தண்ணீர் வைத்தால் வேர்க்கிற மாதிரி, உள்ளே தண்ணீர் கட்டும். அது ஒரு சின்னக் குழாய் வழியாக ரோட்டில் வடிய வேண்டும். எல்லா இடத்திலும் வெளியிலிருந்து மழை வருகிறதா என்று பார்த்த நாங்கள், வண்டிக்குள்ளேயே மழை பிறக்கும் என்று யோசிக்கவில்லை. எங்களிடம் வந்த வண்டிகளில் ஏசி இருந்ததே அபூர்வம். இருந்தாலும் சத்தம் கூடாது என்ற சட்டத்தால், அதைப் போட்டுப் பார்த்ததே இல்லை. மற்றவர்கள் இந்த வண்டியைப் பார்த்தபோதும் சார் பெருமையாக ஏசி போட்டுக் காட்டியிருக்கிறார். போடப் போடக் கார்பெட் நனைந்திருக்கிறது.

அண்ணன் கோணியை விரித்து வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்தார். சைக்கிள் ஸ்போக்ஸ் ஒன்றைக் கேட்டு வாங்கி, அந்தக் குழாயில் விட்டுக் குத்தினார். காய்ந்த மண் உதிர்ந்தது. குளவி கூடு கட்டி வைத்திருக்கிறது. அடுத்த குத்தில் அடைத்து நின்ற தண்ணீர் மொத்தமும் அண்ணன் முகத்தில், வெற்றிலை வாய்க்குள், மூக்கில் என்று கொட்டியது. அடியிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அடிபட்டுவிட்டதோ என்று குனிந்து பார்த்தால், மனிதர் படுத்துக்கொண்டே சிரிக்கிறார். வயிறு குலுங்கக் குலுங்கச் சிரிக்கிறார். மரியாதையான மாசிலாமணி அண்ணன் அப்படிச் சிரித்து யாரும் பார்த்ததில்லை. எங்களுக்கும் தொற்றிக்கொண்டது. வொர்க்‌ஷாப்பே சிரித்தது.

"இத்தூண்டு குளவியா இத்தினி பேர பேஜார் பண்ணிச்சு?" என்றாள் தனம்மாள்.

இசக்கி சார் மட்டும் சிரிக்கவில்லை. ஒரு பழைய டயர் மேல் உட்கார்ந்துகொண்டு கையிலிருந்த துணியால் கண்ணைத் துடைத்தார். "எம் பேரு பொழச்சுட்டுய்யா" என்றார். அப்போது எனக்கு வந்த சந்தோஷத்தை மறைக்க விருப்பமில்லை. நான் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

தரையில் வேறு பேப்பர் விரித்து, ஏசியை முழுசாக வைத்தோம். எல்லாரும் குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தோம். சொட்டு சொட்டாகத் தண்ணீர் மண்ணில் விழுந்தது. ஒவ்வொரு சொட்டுக்கும் ஏழுமலை தலையை ஆட்டினார். உள்ளே பேப்பர் அப்பளமாகக் காய்ந்திருந்தது. "தாராளமா வாங்குங்கம்மா" என்றார் அண்ணன். அன்றிலிருந்து எங்கள் சட்டத்தில் ஒரு வரி கூடியது. குளியலுக்கு முன்னால் ஏசி போட்டு ஒரு வெற்றிலை போட வேண்டும். பத்து ஏசி வண்டிக்கு ஒன்று இப்படி மாட்டியது. எனக்கும் குளுகுளு வேலை ஆயிற்று.

வைகாசி பிறப்பதற்கு முன்பே ஓட்டல் வாசலில் வண்டி நின்றது. ஏழுமலை வெள்ளைச் சட்டை தைத்துக்கொண்டார் என்று கேள்விப்பட்டோம்.

கொஞ்ச நாள் கழித்து, ஒரு சாயந்திரம் அந்தக் கார் எங்கள் கேட்டில் வந்து நின்றது. திருநெல்வேலிக்கு ரயில் ஏற இசக்கி சாரையும் கோமதியம்மாவையும் ஏழுமலை செங்கல்பட்டு ஸ்டேஷனுக்குக் கொண்டுபோகிறார். வாடகை பேச்சே எடுக்கக்கூடாது என்று தனம்மாள் உத்தரவு. முன்சீட்டில் அவள் உட்கார்ந்திருந்தாள். செருப்பு இல்லை. புதுப்பட்டினத்திலிருந்து ஏசியை வைத்துக்கொண்டு, வெறும் பாதத்தைக் கார்பெட்டில் அழுத்தியபடியே வந்திருக்கிறாள். என்னைப் பார்த்ததும் கதவைத் திறந்து காலை நீட்டிக் காட்டினாள்.

"தொட்டுப் பாருயா. எப்டி காஞ்சி கீது!"

பின்சீட்டில் சாரும் அம்மாவும் ராஜா ராணி மாதிரி சாய்ந்திருந்தார்கள். வண்டியைக் கொடுத்த வருத்தத்தில் இருப்பார்கள், ரயில் ஏறும் நேரத்தில் எதையாவது சொல்லிக் கிளறக்கூடாது என்று நான் தயங்கி நின்றேன். கோமதியம்மாவே கண்ணாடியை இறக்கினார்.

"இவுக ஓட்ட, நான் பக்கத்துல உக்காந்து ஆட்டோ வருது, மாடு வருதுன்னு சொல்லிக்கிட்டே வருவேன். ஒருநாளும் நிம்மதியா வெளிய பாத்ததில்ல. இன்னைக்குத்தான் பின்னால சாஞ்சு உக்காந்து ரோட்ட வேடிக்கை பாத்துட்டு வாரோம்" என்றார். பிறகு புருஷன் பக்கம் திரும்பி, "இன்னைக்குத்தான் நாம கார் வாங்குன மாதிரி இருக்கு, என்ன?" என்றார்.